எடை போட்ட சோறும் ஒரு கைப்பிடிக் கொசுறும்

1

நேற்றுக் காலை என் மகள் புஷ்பம் ஒரு வார்த்தையை மறந்துபோனாள். ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு, "ஒரு வார்த்தைக்கா இத்தனை தாள்?" என்று தோன்றும். தோன்றட்டும். கொழும்புக்கு வந்து பத்து வருஷமாகியும் இந்த எஸ்தரின் வாய் நீளம் குறையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புஷ்பத்துக்குப் பன்னிரண்டு வயது. ஆறு வருஷமாக நீரிழிவு. இந்த வியாதி வயதானவர்களுக்கு மட்டும் வரும் என்று நினைத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி. எங்கள் வீட்டில் பொழுது விடிவது ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில்தான். அதில் நீலத் திராவகம் கொஞ்சம் ஊற்றி, பிள்ளையின் சிறுநீர் எட்டுச் சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சவேண்டும். நீலமாகவே நின்றால் ஆண்டவருக்கு நன்றி. பச்சை என்றால் பரவாயில்லை. மஞ்சள் என்றால் என் முகம் மாறிவிடும். செங்கல் நிறம் வந்துவிட்டால் அன்றைக்கு வீட்டில் யாரும் என்னிடம் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். அதன்பிறகு ஊசியைக் கொதிக்க வைக்கவேண்டும், முனை மழுங்கியிருந்தால் சாணைக்கல்லில் தீட்டவேண்டும், மருந்தேற்றிக் குத்தவேண்டும். அப்புறம்தான் சாப்பாடு. அதையும் எடை போட்டுத்தான் வைக்கவேண்டும்.

நேற்று நான் எழுந்திருக்கக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. புஷ்பமே அடுக்களைக்கு வந்து அலமாரியைத் துழாவினாள்.

"அம்மா, அது எங்கே வச்சீங்க? அந்த... நிறுக்கிற சாமான்."

"எது?"

"அதுதாம்மா. ரெண்டு தட்டு தொங்குமே."

தராசு. ஒரு நாளைக்கு நாலு தடவை கண்ணுக்கு முன்னால் தொங்குகிற தராசு. அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு அவள் நெற்றியைச் சுருக்கி நின்றாள். இங்கிலீஷில் கேட்டுப்பார்த்தேன். அதுவும் வரவில்லை. நானே சொன்னேன். "ஆங், தராசு" என்று சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் வீட்டுக்காரர் செய்தித்தாளை மடிக்காமலே சொன்னார்: "பிள்ளையை இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிட்டு, தமிழ் வரலைன்னு மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படி? எல்லா வீட்டுலயும் உள்ளதுதான்." அவர் சொல்வதில் நியாயம் உண்டு. எங்கள் தெருவில் நம் ஊர்க் குடும்பங்கள் நாலைந்து இருக்கின்றன. எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் பாதி வார்த்தையைத் தமிழில் ஆரம்பித்து மீதியை எங்கேயோ முடிக்கிறார்கள். அந்த வீட்டுத் தாய்மார் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள், கொஞ்சம் பெருமையும் படுகிறார்கள்.

என்னால் அப்படிப் பெருமூச்சு விட்டுவிட்டுப் போகமுடியவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு மத்தியானம் என் அண்ணன் வீட்டில் ஒன்று நடந்தது. புஷ்பத்தின் வார்த்தைகளை எடுத்துக்கொண்டு போவது கொழும்பா, அந்த மத்தியானமா என்று எனக்குத் தெரியாது. எந்த டாக்டராலும் சொல்ல முடியவில்லை. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

ஆறு வயதில் பிள்ளை குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள், எலும்பும் தோலுமானாள், ஒருநாள் மூச்சு வாங்கிக்கொண்டு விழுந்தாள். இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பிழைக்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் கையில் அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார். எந்த ஆகாரத்தில் எவ்வளவு மாச்சத்து என்ற பட்டியல். பத்து கிராம் மாச்சத்து ஒரு பங்கு. காலைக்கு இத்தனை பங்கு, மத்தியானத்துக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை. அதற்குத் தகுந்தபடி ஊசி மருந்து. பங்கு கூடினால் சர்க்கரை ஏறும், குறைந்தால் மருந்து பிள்ளையையே தின்றுவிடும் என்று புரிகிற மாதிரி சொன்னார்.

பட்டியலைப் படித்தேன். பாண் இருந்தது. இங்கே ரொட்டிக்குப் பாண் என்று பெயர். உருளைக்கிழங்கு, ஓட்ஸ் கஞ்சி, பிஸ்கட், ஆப்பிள் எல்லாம் இருந்தன. இட்லி இல்லை, ஆப்பம் இல்லை, புட்டு இல்லை.

"இட்லி எத்தனை பங்கு, டாக்டர்?" என்று கேட்டேன்.

"எவ்வளவு பெரிய இட்லி?" என்று அவர் கேட்டார்.

கையை வட்டமாக வைத்துக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "பாணே கொடுங்கள், அதுதான் உங்களுக்குச் சுலபம்" என்றார்.

சுலபம் என்ற சொல் எனக்குச் சுருக்கென்றது. நான் நம் ஊர்ப் பக்கத்து நாசரேத்தில் படித்துக் கணக்கு வாத்தியாரம்மாவாக இருந்தவள். வீட்டுக்கு வந்ததும் மருந்துக் கடையிலிருந்து ஒரு சின்னத் தராசு வாங்கினேன். அரிசியும் உளுந்தும் தனித்தனியே நிறுத்து ஆட்டினேன். மாவு முழுவதையும் ஒரே அளவுக் குழியில் ஊற்றி, எத்தனை இட்லி வந்தது என்று எண்ணி வகுத்தேன். வெந்த சோறு, வேகாத அரிசி, பழைய அரிசி, புது அரிசி எல்லாவற்றையும் நிறுத்துப் பார்த்து ஒரு நோட்டில் எழுதினேன். டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு பிள்ளையின் தாய்க்குக் காட்டலாமா என்று கேட்டார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இத்தனையும் செய்தேனே தவிர, தினப்படிக்குப் பாண்தான் போட்டேன். ஒரு துண்டு வெட்டினால் எடை தெரிந்துவிடும். அப்போது உலக யுத்தகாலம், அரிசி கிடைப்பதும் பெரும்பாடாக இருந்தது. புஷ்பம் முள்கரண்டியால் பாணைக் குத்தித் தின்று வளர்ந்தாள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் "எங்க சாப்பாடு பாண், உங்க சாப்பாடு சோறு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யுத்தம் முடியட்டும், பிள்ளையை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

3

யுத்தம் முடிந்த மறு வருஷம் போனோம். அவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நானும் புஷ்பமும் மட்டும். தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கினோம். அங்கே ஓர் அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஊசி, மருந்துப் புட்டிகள், ஸ்பிரிட் விளக்கு, நீலத் திராவகம்.

"நீங்க டாக்டரா?"

"இல்ல. இந்தப் பிள்ளைக்குத் தாய்."

"இந்த நீலத் தண்ணியக் குடிச்சா ஆள் செத்துப்போகும், தெரியுமா?"

"குடிக்க இல்ல. மூத்திரத்தோட சேர்த்துக் கொதிக்க வைக்க."

மனுஷன் கையை உடனே எடுத்துக்கொண்டார். பெட்டியை அவரே மூடிவிட்டார். புஷ்பம் ரயிலேறுகிற வரைக்கும் சிரித்தாள். ஆனால் பெட்டிக்கு அடியில் இருந்த என் தராசு கப்பலில் எதன் கீழோ நசுங்கி, தண்டு வளைந்துபோயிருந்தது. மணியாச்சியில் வண்டி மாறும்போதுதான் பார்த்தேன்.

தூத்துக்குடியில் என் அண்ணன் வீடு. கடற்கரைச் சாலைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை, கடைக்குப் பின்னாலேயே வீடு. நான் பிறந்து வளர்ந்ததும் அதே வீட்டில்தான். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் கடையைப் பார்த்துக்கொண்டான். வளைந்த தராசைக் காட்டியதும், "சவத்தத் தூக்கித் தூரப் போடு. நம்மகிட்ட இல்லாத தராசாளா?" என்று உள்ளே போய், உள்ளங்கை அகலத் தட்டுகளோடு ஒரு பித்தளைத் தராசைக் கொண்டுவந்தான். முத்து வியாபாரம் செய்த ஒரு வீட்டில் விலைக்கு வந்தது. முத்துக்குளிப்பு நின்று வெகுகாலமாகிவிட்டதால் அந்த வீட்டில் அதற்கு வேலையில்லை. ஒரு நெல்மணியைப் போட்டால்கூட முள் அசைந்தது.

"பிள்ளைக்கு நிறுக்க வேண்டிய பொறுப்பு எனக்கு" என்றான் அண்ணன். "தராசு பிடிச்சே வயசாகிப்போச்சு. நீ வாசிச்சுச் சொல்லு, நான் போடுதேன்."

மூன்று வருஷமாக ஒருத்தியாக நின்று நிறுத்தவளுக்கு அதைக் கேட்டதும் கண் கலங்கிவிட்டது. சரி என்றேன்.

மதினிக்கு வேறு சந்தோஷம். அண்ணன் மனைவி ஞானம், மீன் குழம்பில் கைதேர்ந்தவள். "மீனுக்குக் கணக்கு உண்டாளா எஸ்தரு?" என்று கேட்டாள்.

"மீனுக்குக் கணக்கு கிடையாது மதினி. எவ்வளவும் போடலாம்."

"அப்போ ஆண்டவர் இந்தப் பிள்ளைய தூத்துக்குடிக்குன்னுதான் படைச்சிருக்காரு. வழி தெரியாம கொழும்புக்குப் போயிட்டு."

அன்றைக்கு விளைமீன், மறுநாள் சீலா, அதற்கு மறுநாள் நெத்திலி. புஷ்பம் கையால் பிசைந்து சோறு தின்றாள். "அத்தை, பாண் வேண்டாம், இனிமே சோறுதான்" என்றாள். "பாணா? அது என்னளா, பாட்டுப் பாடுத பாணனா?" என்று மதினி கேட்டதும் வீடே சிரித்தது. அந்த நாலு நாள்தான் என் பிள்ளையின் வாழ்க்கையிலேயே அவள் வயிறு நிறையச் சிரித்த நாட்கள் என்று இப்போது நினைக்கிறேன்.

4

நாலாம் நாள் காலையில் குழாயில் செங்கல் நிறம்.

அதற்கு முந்திய நாட்களிலும் மஞ்சள்தான். பயணக் களைப்பு என்று நினைத்து மருந்தை இரண்டு யூனிட் கூட்டியிருந்தேன். செங்கல் நிறத்தைப் பார்த்ததும் இன்னும் இரண்டு கூட்டினேன். ஐந்தாம் நாளும் செங்கல். இன்னும் மூன்று. நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். கணக்கு சரியாக இருந்தது. கணக்கு சரியென்றால் கணக்கில் வராத ஏதோ ஒன்று பிள்ளையின் வாய்க்குள் போகிறது. அப்படித்தான் ஒரு வாத்தியாரம்மாவுக்கு யோசிக்கத் தெரியும்.

வந்த அன்றைக்கே மதினி சொன்னது நினைவுக்கு வந்தது. "கருப்பட்டி சீனி இல்லளா. பனையில வாரது, மருந்துல்லா" என்றிருந்தாள். எங்கள் பனங்காட்டுச் சீமையில் எல்லாரும் சொல்வதுதான் அது. சளிக்கும் கருப்பட்டி, பிள்ளை பெற்றவளுக்கும் கருப்பட்டி. அவள் மகள் கல்யாணமாகிச் சாத்தான்குளம் போய்விட்டாள். வீட்டில் பிள்ளை வாசனை இல்லாமல் ஏங்கிக்கிடந்தவள். ஒளித்துக் கொடுக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

மீன் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன். புஷ்பமும் கூட வந்தாள்.

"மதினி, பிள்ளைக்கு என்ன குடுக்கீங்க?"

"என்ன குடுக்கேன்? நீங்க ரெண்டுபேரும் நிறுத்து வைக்கதத்தான் குடுக்கேன்."

"எனக்குத் தெரியாம?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "ஏளா எஸ்தரு, நான் குடுக்கலளா."

"குடுக்காம எப்படி ஏறும்? நீங்க பாசம்னு குடுக்கது பிள்ளைக்கு விஷம். என் பிள்ளைய நீங்க கொல்லுதீங்க மதினி."

கொல்லுகிறீர்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்குமேல் வாயைப் பிடித்து நிறுத்த என்னால் முடியவில்லை. "குடுக்கலைன்னா பிள்ளை தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணுங்க. நான் சொல்லாம ஒரு பொட்டு ஆகாரம் உங்க கையால குடுக்கமாட்டேன்னு பண்ணுங்க" என்றேன்.

எங்கள் இரண்டு குடும்பமும் வேதக்காரக் குடும்பம். ஆணையிடக் கூடாது என்று ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மதினி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு புஷ்பத்தின் தலையில் கையை வைத்து, "எஸ்தர் சொல்லாம என் கையால ஒண்ணும் குடுக்கமாட்டேன்" என்றாள். ஜெபம் என்று நினைத்தாளோ என்னவோ, புஷ்பம் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

5

மறுநாள் காலையில் ஊசி போட்டேன், கூட்டிய மருந்தோடு. அண்ணன் இட்லியை நிறுத்தான். நான் எதிரே உட்கார்ந்து நோட்டை வைத்துக்கொண்டு பார்த்தேன். முள் நேராக நின்றது. அண்ணன் தராசுத் தட்டைப் பிள்ளையின் தட்டில் கவிழ்த்தான். பிறகு கை தானாகப் போய் இன்னொரு இட்லியில் பாதியைப் பிய்த்து மேலே போட்டது.

"அது என்ன?" என்றேன்.

"எது?"

"இப்போ போட்டியே."

அவன் தன் கையைப் பார்த்தான். சத்தியமாக அவனுக்கே தெரியவில்லை. "கொசுறுளா" என்றான்.

எங்கள் அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் அதுதான் வழக்கம். எதை நிறுத்தாலும் நிறுத்தபிறகு ஒரு கைப்பிடி கூடப் போடவேண்டும். முள் நேரே நின்றதும் சரக்கைக் கட்டிக் கொடுத்தால் வாங்க வந்தவர் முகம் சுருங்கிப்போகும். கொசுறு எடையைச் சேர்ந்தது ஆகாது, அது மனதைச் சேர்ந்தது. நானும் அந்தக் கடையில் வளர்ந்தவள். ஐந்து நாள் அவன் எதிரே உட்கார்ந்து, அந்தக் கை போவதையும் வருவதையும் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். வேறு ஊர்க்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கேட்டிருப்பாள். எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

"பிள்ளைக்குப் போய் முள்ளு முனைக்கு நிறுத்துப் போடவா?" என்றான் அண்ணன். "அந்நிய ஆளுக்கே ஒரு கை கூடப் போடுதோம். தங்கச்சி மகளுக்கு எப்படிளா கை வராம இருக்கும்?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த அரை இட்லியைத் தட்டிலிருந்து எடுத்து வெளியே போட்டேன். அவன் சரக்கெடுக்கச் சந்தைக்குப் போய்விட்டான். அடுக்களை வாசலில் மதினி நின்றாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அவள் மேல் குற்றமில்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்து, "மதினி, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சாயங்காலம் ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டேன். திரும்பும் பயணத்துக்கு அம்மை குத்திய சான்றும், கப்பலேறுமுன் நோய்க்காக அடைத்துவைக்கிற முகாமில் தங்காமல் போக அனுமதித் தாளும் வாங்க வேண்டியிருந்தது. ஆபீஸ் திறக்கிற நேரமாகிவிட்டது.

இன்னொன்றும் மறந்தேன். கொசுறுக்காகக் கூட்டிய ஏழு யூனிட் ஏற்கெனவே பிள்ளையின் உடம்புக்குள் இருந்தது. கொசுறை மட்டும் எடுத்துவிட்டேன். ஒரு பக்கம் கழித்தால் மறுபக்கமும் கழிக்கவேண்டும் என்று எத்தனை வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பேன்!

பிள்ளைக்கு வேர்த்து நடுங்கினால் உடனே கொடுக்கச் சீனிக்கட்டிகள் எப்போதும் என் கைப்பையில் இருக்கும். பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

6

துறைமுகத்துப் பக்கம் அந்த ஆபீஸ். நீண்ட வரிசை. வெங்காயமும் கருவாடும் ஏற்றுகிற தோணிகளின் சத்தம் சன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. என் முறை வந்ததும் குமாஸ்தா கேட்டார்: "சொந்த ஊர் எது?"

"தூத்துக்குடி."

"இருப்பு?"

"கொழும்பு."

"அப்போ எங்கன இருந்து எங்கன போறீங்க? ஊருக்கு வந்திருக்கீங்களா, ஊருக்குப் போறீங்களா?"

அவர் தாளைத் தள்ளிவிட்டு, இன்னொரு மேஜையில் முத்திரை வாங்கி வரச் சொன்னார். மேஜைக்காரர் சாப்பிடப் போயிருந்தார். உச்சி வெயிலாகிவிட்டது.

வாசலில் ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தேன். மதினி. காலில் செருப்பில்லை. ஒன்பது வயதுப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு இரைக்க வரிசையை விலக்கிக்கொண்டு வந்தாள். புஷ்பத்தின் கை இரண்டும் அவள் முதுகில் தொங்கின. வாயோரத்தில் நுரை.

"எஸ்தரு, பிள்ளைக்கு வேர்த்து ஊத்துது. பசிக்கு, ஏதாச்சும் தாங்க அத்தைன்னு கேட்டுது. பிறகு பேச்சில்ல." அவள் முந்தானையை அவிழ்த்தாள். உள்ளே கருப்பட்டித் துண்டு ஒன்று. வியர்வையில் இளகிப் போயிருந்தது. "குடுக்கலாமாளா? நீ சொல்லு. நீ சொன்னாக் குடுத்துருவேன்."

வீட்டிலிருந்து அந்த ஆபீசுக்கு ஒன்றரை மைல் இருக்கும். கருப்பட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஒன்றரை மைல் தூக்கி வந்திருக்கிறாள், என்னிடம் கேட்பதற்கு.

எதையெல்லாம் கொடுக்கக்கூடாது என்று அவளுக்கு நான் வரிசையாகச் சொல்லியிருந்தேன். எப்போது கொடுத்தே ஆகவேண்டும் என்று ஒரு தடவையும் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அவள் சத்தியத்தை மீறியிருப்பாள். பிள்ளையின் தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் பிள்ளைக்கு ஆகாது என்று அவள் பயந்தாள். பிள்ளையைக் காப்பாற்றத்தான் அவள் கொடுக்காமல் இருந்தாள்.

கருப்பட்டியைக் கடித்து நொறுக்கி, பிள்ளையின் கன்னத்துக்கு உட்புறம் தேய்த்தேன். யாரோ வில்வண்டி கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் வரை புஷ்பம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது என்னைப் பார்த்துப் "பாண்" என்றாள். பாலா, பழமா, அத்தையா, எதைக் காட்டினாலும் "பாண்" என்றாள். மூன்று நாள் அந்த ஒரே வார்த்தைதான். பிறகு ஒவ்வொன்றாக மற்றவை வந்தன. எல்லாம் வந்துவிட்டனவா என்பதைத்தான் நான் இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

மதினி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தாள். நாங்கள் புறப்படும்போது ரயிலடிக்கு வந்தாள். பிள்ளைக்கு முத்தம் கொடுத்தாள். என்னிடம், "பாத்துப் போளா" என்றாள். நான் தலையாட்டினேன். மன்னிப்பு என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்து திரும்பிவிட்டது. அந்த ஒன்றில் என்னுடைய தமிழும் தவறிப்போயிற்று.

7

இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. மழை, துறைமுகத்தில் வேலைக்கு ஆள் கிடைக்காதது, மகள் இரண்டு பிள்ளைகளோடு வந்து தங்கியிருப்பது எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி எழுதியிருந்தான்:

"உன் மதினியைப் பற்றி உனக்கு எழுதக்கூடாது என்று இருந்தேன். பேரப்பிள்ளைகள் வந்து ஒரு மாசமாகிறது. அவள் சமைக்கிறாள். தட்டில் வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். ஒரு வாய் ஊட்டமாட்டேன் என்கிறாள். சின்னது கையை நீட்டி அழுதாலும் மகளைக் கூப்பிடுகிறாள். கேட்டால், 'என் கையால பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்கிறாள். எந்தப் பிள்ளைக்கும், மூன்று வருஷமாக அப்படித்தான்."

கடிதத்தை மடித்து வைத்திருந்தேன். நேற்று, தராசு விஷயத்துக்குப் பிறகு எடுத்து மறுபடி வாசித்தேன். புஷ்பம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தமிழ் எழுத்தை அவள் விரல் வைத்துத்தான் வாசிப்பாள். கடைசி வரி வரைக்கும் விரல் நகர்ந்தது.

"ஏம்மா அத்தை அப்படி?"

அதுவரை அவளுக்கு நான் சொன்னதில்லை. காய்ச்சல் வந்து விழுந்தாய் என்று சொல்லி வைத்திருந்தேன். நேற்று எல்லாவற்றையும் சொன்னேன். மருந்தைக் கூட்டியது, கொல்லுகிறீர்கள் என்று சொன்னது, தலையில் கைவைக்கச் செய்தது, பையை எடுத்துக்கொண்டு போனது. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எனக்கு அத்தை தோள் ஞாபகம் இருக்கு" என்றாள். "ஓடும்போது அழுதாங்க. அழாதீங்கன்னு சொல்லப் பார்த்தேன். வாயில வார்த்தை வரல." பிறகு, "நீங்க அவங்ககிட்ட சாரி சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"லெட்டர்ல?"

"இல்ல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். எழுந்துபோய்த் தன் மத்தியானச் சாப்பாட்டைத் தானே நிறுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டாள். சாயங்காலம் அவள் அப்பா ஆபீசிலிருந்து வந்ததும், ஊருக்குப் போக என்ன செய்யவேண்டும் என்று அவரிடம் கேட்டாள்.

முன்போல இப்போது நினைத்தவுடன் கப்பலேற முடியாது. இந்தக் கரையும் அந்தக் கரையும் வேறு வேறு நாடாகிவிட்டன. போய்விட்டுத் திரும்பி வர அனுமதி வேண்டும், அதற்குப் படம் ஒட்டிய மனு வேண்டும் என்கிறார்கள். அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த படிவம் ஒன்றை மேஜையில் போட்டார். புஷ்பத்தின் இங்கிலீஷ் என்னுடையதைவிட நன்றாக இருக்கும், அதனால் அவளையே நிரப்பச் சொன்னேன். பெயர், வயது, பிறந்த இடம் எல்லாம் தடுமாறாமல் எழுதினாள். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினாள்.

"உறவினரைப் பார்க்கன்னு போடு" என்றேன்.

அவள் தலையை ஆட்டவில்லை. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு வெகுநேரம் யோசித்தாள். வார்த்தை வரவில்லையோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தேன். கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். பிறகு, இங்கிலீஷ் படிவத்தின் நடுவில், தமிழில், நிறுத்தி நிதானமாக எழுதினாள்:

அத்தை கையால் சாப்பிட.

இன்று காலை அந்தப் படிவத்தில் நானும் கையெழுத்துப் போட்டேன். இப்படியெல்லாம் எழுதினால் செல்லாது என்று குமாஸ்தா திருப்பித் தரலாம். தரட்டும். வேறு படிவம் வாங்கி, அதிலும் இதையே எழுதச் சொல்லப்போகிறேன்.